சின்னப்பாவின் சுருதி ஏன் ஏறியது?

புதுக்கோட்டை கீழராஜ வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, மிருதங்கம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். 1980களின் கடைசி. அந்தச் சந்தில் இரண்டே வீட்டில்தான் டி.வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாடகர்-நடிகர் பி.யு.சின்னப்பா படம் போட்டார்கள். ஊர்க்காரர் படம் என்பதால் திண்ணைவரை கூட்டம். பாட்டு முடிந்ததும் பெரியவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, சின்னப்பா இதுல சுருதி ஏறிப் பாடுறாரு. கொட்டகையில நான் கேட்டது இது இல்ல. என் வீட்டு இசைத்தட்டுக்கு மிருதங்கம் சேருது, இந்தப் பெட்டிக்குச் சேரல.”

வயதாகிவிட்டது, காது மங்கிவிட்டது என்று அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இயற்பியல் படித்து, பிறகு பல ஆண்டுகள் வகுப்பில் அதையே சொல்லிக்கொடுத்த பின்புதான் புரிந்தது, அவர் காதில் பிசகு ஏதும் இல்லை என்று. சின்னப்பாவின் குரலை ஏற்றியது டி.வி. அதே கணக்கின் இன்னொரு பிசகுதான் இன்று நம் கைபேசியில் பழைய படம் பார்க்கும்போது கோபுரக் காட்சி தத்தித் தத்தி நகர்வதற்கும் காரணம். இரண்டையும் புரிந்துகொள்ளச் சுருளிலிருந்தே தொடங்க வேண்டும்.

கொட்டகை வாசலில் பொறுக்கிய ஃபிலிம் துண்டுகளை வைத்து எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் வீட்டிலேயே படம் காட்டியிருக்கிறோம். ஃபியூஸ் போன குண்டு பல்பின் அடியைப் பக்குவமாக உடைத்துத் தண்ணீர் ஊற்றினால் அது லென்ஸ். வாசலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்புவான். இருட்டறையில் கட்டிய வேட்டியில் எம்.ஜி.ஆர். வந்து நிற்பார். நிற்பார், அவ்வளவுதான், நடக்கமாட்டார். துண்டை வேகமாக இழுத்தால் நடந்துவிடுவார் என்று இழுப்போம். வேட்டி முழுக்கச் சாம்பல் கோடுகள் ஓடுமே தவிர, எம்.ஜி.ஆர். காணாமல் போய்விடுவார்.

சினிமா இயந்திரத்தின் முதல் பாடம் அந்த வேட்டியில்தான் இருக்கிறது. படம் ஓடுவதற்குச் சுருள் ஓடினால் போதாது. சுருள் நிற்கவும் வேண்டும். ஒரு சட்டகம், அதாவது ஃப்ரேம், விளக்குக்கு முன்னால் வந்து அசையாமல் நிற்க வேண்டும். அது இடம் மாறும்போது வெளிச்சம் மறைய வேண்டும். அடுத்தது வந்து நின்ற பிறகே வெளிச்சம் திரும்ப வேண்டும். புரொஜக்டருக்குள் இதைச் செய்வது மால்டா சிலுவை என்ற சின்னச் சக்கரம். அதன் நான்கு பிளவுகளில் ஒன்றுக்குள் பக்கத்துச் சக்கரத்தின் முளை நுழையும், கால் சுற்றுத் தள்ளும், வெளியேறிவிடும். தள்ளுகிற நேரம் கால் பங்கு, சட்டகம் நிற்கிற நேரம் முக்கால் பங்கு. ஆபரேட்டர் அறையிலிருந்து வரும் கடகட சத்தத்தில் இந்தச் சிலுவைக்குப் பெரிய பங்கு உண்டு.

வெளிச்சத்தை மறைப்பது ஷட்டர், சுழலும் தகடு. சட்டகம் நகரும்போது மறைக்க ஒரே ஓர் இதழ் போதும். ஆனால் பழைய புரொஜக்டர் எதைத் திறந்து பார்த்தாலும் ஷட்டருக்கு இரண்டு இதழ் இருக்கும், சிலவற்றில் மூன்று. இரண்டாவது இதழ், சட்டகம் அசையாமல் நிற்கும்போதே நடுவில் வந்து காரணமில்லாமல் வெளிச்சத்தை ஒரு தடவை வெட்டிவிட்டுப் போகிறது. நன்றாகத் தெரியும் படத்தை எதற்காக மறைக்க வேண்டும்?

இதற்குப் பதில் நம் கண்ணில் இருக்கிறது. கார்த்திகை தீபத்தன்று பனம்பூக் கரியை அடைத்து மாவலி சுற்றியவர்களுக்குத் தெரியும்: மெல்லச் சுற்றினால் நெருப்புப் புள்ளி தனியாக ஓடும், வேகம் கூடினால் நெருப்பு வளையமாகிவிடும். புள்ளி போன இடத்தில் அதன் சுவடு கண்ணில் சற்று நேரம் தங்குகிறது. பாரிஸில் வாழ்ந்த பேட்ரிக் டார்சி என்பவர் 1765இல் இதை அளந்தே பார்த்தார். இருட்டில் கனியும் கரித்துண்டை ஒரு பொறியில் பூட்டிச் சுற்றவிட்டு, வளையம் எந்த வேகத்தில் முழுதாக மூடிக்கொள்கிறது என்று கவனித்தார். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.13 நொடி. நம் ஊர்த் தெருப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்ததை அவர் அளவுகோலாக்கிக்கொண்டார்.

அப்படியானால் நொடிக்கு எட்டுத் தடவை வெளிச்சம் வந்தாலே கண்ணுக்குப் போதுமே என்று தோன்றும். போதாது. கோயில் மணியை அடித்தால் ஓசை தங்கும், ஆனால் தேய்ந்துகொண்டே தங்கும். கண்ணில் தங்கும் ஒளியும் அப்படித்தான். வளையம் அறுபடாமல் தெரிந்தாலும், பிரகாசம் ஏறி இறங்குவதைக் கண் கண்டுபிடித்துவிடும். அந்த ஏற்ற இறக்கத்தை மினுக்கம் என்போம். நொடிக்கு எத்தனை தடவை விளக்கை வெட்டினால் மினுக்கம் மறைந்து ஒரே சீரான ஒளியாகத் தெரிகிறதோ, அது மினுக்கம் அடங்கும் எல்லை. இந்த எல்லை நிலையானதல்ல என்பதை 1892இல் ஃபெர்ரியும் 1902இல் போர்ட்டரும் சோதனை செய்து காட்டினார்கள். ஒளி கூடக்கூட எல்லையும் கூடும். ஒளி பத்து மடங்கு ஏறும் ஒவ்வொரு தடவையும் எல்லை ஏறக்குறைய ஒரே அளவு ஏறும். மங்கலில் கண் மெதுவாக வேலை செய்கிறது. பளிச்சென்ற ஒளியில் சுறுசுறுப்பாகிவிடுகிறது. பளிச்சென்ற ஒளியில் நேர்ப்பார்வையைவிட ஓரப்பார்வைக்கு மினுக்கம் சுலபமாகப் பிடிபடும் என்பதையும் பின்னால் கண்டார்கள்.

நொடிக்கு 24 சட்டகம், சட்டகத்துக்கு ஒரு வெட்டு என்றால் 24 மினுக்கம். கொட்டகைத் திரையின் மங்கிய வெளிச்சத்துக்குக்கூட அது போதாது, கண்ணைக் கரிக்கும். அதே சட்டகத்தை இரண்டு தடவை காட்டினால் 48. சுருளில் ஓர் அடிகூடக் கூடுதலாகச் செலவாகாமல் மினுக்கம் அடங்கிவிடுகிறது. அந்த இரண்டாவது இதழின் வேலை அதுதான். எனக்குத் தெரிந்த எளிய கண்டுபிடிப்புகளில் மிக அழகானவற்றுள் இதையும் வைப்பேன். இரண்டு இதழும் சேர்ந்து ஏறத்தாழப் பாதி நேரம் வெளிச்சத்தை மறைக்கின்றன. மூன்று மணி நேரப் படத்துக்கு டிக்கெட் எடுத்த நம் தாத்தா பாட்டிகள் அதில் ஒன்றரை மணி நேரம் இருட்டுத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, சினிமாவில் இரண்டு எண்கள் உண்டு. நொடிக்கு எத்தனை படம் மாறுகிறது என்பது ஒன்று. நொடிக்கு எத்தனை தடவை ஒளி வந்து விழுகிறது என்பது மற்றொன்று. முதலாவது அசைவுக்கு, இரண்டாவது மினுக்கத்துக்கு. கொட்டகையில் இரண்டாவது எண் முதலாவதன் சரியான இரு மடங்கு. வீட்டுத் திரைகளின் தொல்லைகள் பலவும் இந்த இரண்டும் ஒன்றையொன்று மீதியில்லாமல் வகுக்காதபோதுதான் தொடங்குகின்றன.

கண்ணில் சுவடு தங்குவதால்தான் படம் அசைவதாகத் தெரிகிறது என்று பல பாடநூல்களில் எழுதியிருக்கும். நானே பல ஆண்டு அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். அது முழு உண்மையல்ல. சுவடு மட்டுமே வேலை செய்தால் பத்து கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியுமே தவிர, ஒரு கை வீசுவதாகத் தெரியாது. திருவப்பூர் மாரியம்மன் திருவிழாவில் சீரியல் பல்புகளைப் பாருங்கள். எந்த பல்பும் இடம்விட்டு நகர்வதில்லை. ஒன்று அணைந்து பக்கத்தது எரிகிறது. நாமோ ஒளி ஓடுவதைப் பார்க்கிறோம். 1912இல் மாக்ஸ் வெர்ட்டைமர் என்ற ஜெர்மன் உளவியலாளர், இரண்டு கோடுகளை மாற்றி மாற்றிக் காட்டி, இடைவெளி எத்தனை மில்லிநொடியாக இருந்தால் இரண்டு கோடு ஒரே கோடாகி நகர்கிறது என்று ஆராய்ந்தார். ‘இது அதுவேதான், இங்கிருந்து அங்கே போயிருக்கிறது’ என்று முடிவு கட்டுவது மூளை. அது தவறான முடிவு எடுப்பதையும் நாம் திரையில் பார்த்திருக்கிறோம். வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் படத்தில் பின்னோக்கிச் சுழலும். ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஓர் ஆரக்கால், தனக்கு முன்னால் இருந்த ஆரக்காலின் இடத்துக்குக் கொஞ்சம் முந்தி வந்து நின்றுவிட்டால், மூளை மிக அருகிலுள்ளதோடு இணைத்து, ‘பின்னால் நகர்ந்திருக்கிறது’ என்று சொல்லிவிடும். எங்கள் மாவட்டத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் நேரில் நின்று பார்த்தால் அப்படித் தெரியாது. வெயில் விட்டுவிட்டு விழுவதில்லை.

இந்த 24 எங்கிருந்து வந்தது? கண்ணுக்காக யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. காதுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரும் படச்சுருள்களும் வாங்கி ஊர் ஊராகக் காட்டப் புறப்பட்டபோது இருந்தவை ஊமைப் படங்கள். காமிராவையும் புரொஜக்டரையும் கையால்தான் சுற்றுவார்கள். ஒரு சுற்றுக்கு எட்டுச் சட்டகம், நொடிக்கு இரண்டு சுற்று, ஆகப் பதினாறு என்பது பொது வழக்கம். ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி அது மாறும். பதினாறை மூன்று இதழ் ஷட்டரில் காட்டினால் அங்கும் 48தான். பழைய ஊமைத் துணுக்குகளில் மனிதர்கள் சாவி கொடுத்த பொம்மைபோல் விறுவிறுவென்று நடப்பது, பதினாறில் எடுத்ததை 24இல் ஓட்டுவதால்.

ஒலியைச் சுருளின் ஓரத்தில் பதிக்கத் தொடங்கியதும் கைச்சுற்று உதவாமல் போயிற்று. கை ஒரு கணம் தளர்ந்தால் பாடகர் குரலும் தளர்ந்துவிடும். சுருள் மெதுவாகப் போனால் குரலின் நுட்பமான அதிர்வுகள் பதியாது. 1920களின் பிற்பாதியில் அமெரிக்க ஒலிப் பொறியாளர்கள் நிமிடத்துக்கு 90 அடி என்று முடிவு செய்தார்கள். 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்குப் பதினாறு சட்டகம். கணக்குப் பார்த்தால் நொடிக்கு 24. 1931இல் ‘காளிதாஸ்’ தமிழில் பேசியதிலிருந்து, ‘உத்தமபுத்திரன்’ (1940) படத்தில் சின்னப்பா இரண்டு வேடம் போட்டது, ‘ஜகதலபிரதாபன்’ (1944) படத்தில் ஒரே கச்சேரியில் ஐந்து சின்னப்பாவாக உட்கார்ந்தது வரை எல்லாம் இந்த வேகத்தில்தான்.

இனி டி.வி.க்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி வைத்துக்கொண்டு, 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தவர்களும் உண்டு. இரண்டும் ஒரே முறை: 625 வரி, நொடிக்கு 50 தடவை ஒளி. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் டி.வி.யும் அதோடு ஒத்துப் போகும்படி அமைத்தார்கள். இல்லாவிட்டால் மின் இரைச்சல் திரையில் பட்டையாக ஊர்ந்துகொண்டிருக்கும்.

நொடிக்கு 50 முழுப்படம் அனுப்ப அன்றைய அலைவரிசையில் இடமில்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். ஊடுபுள்ளிக் கோலத்தில் ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் அடுத்த வரிசை வருவதுபோல, முதலில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை வரிகள், அடுத்து அவற்றின் நடுவே 2, 4, 6 என்று இரட்டைப்படை வரிகள். இதை ஊடுவரி முறை என்று சொல்லலாம். ஐம்பது அரைப்படம், சேர்த்தால் 25 முழுப்படம். ஷட்டரின் இரண்டாவது இதழ் செய்த வேலையையே இது மின்னணுவில் செய்கிறது. ஆனாலும் பழைய குண்டு டி.வி.யில் வெள்ளைக் காட்சி வந்தால், கடைக்கண்ணில் திரை துடிப்பது தெரியும். கொட்டகையில் 48 போதுமாக இருந்தபோது வீட்டில் 50 ஏன் போதவில்லை? டி.வி. கொட்டகைத் திரையைவிடப் பிரகாசமானது. ஃபெர்ரியும் போர்ட்டரும் சொன்னது அங்கே நம் கூடத்தில் நடந்தது. 2006இல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சிகளும் இந்த 50 துடிப்புப் பெட்டிகளே.

சின்னப்பாவின் சுருளில் 24. டி.வி.யில் 25. மீதியைச் சரிக்கட்ட, 50 துடிப்பு நாடுகளில் எல்லாரும் கையாண்ட வழி மிக எளியது: படத்தையே 25இல் ஓட்டிவிடுவது. நூற்றுக்கு நாலு வேகம் கூடுதல். கண்ணுக்கு அது தெரியாது. இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் ஒலியும் அதே சுருளில் இருக்கிறது. அதுவும் 25க்கு 24 என்ற விகிதத்தில் ஏறிவிடும்.

இந்த 25/24 என்ற விகிதத்தைச் சங்கீதக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். சாதாரண காந்தாரம் ஷட்ஜத்துக்கு 6/5, அந்தர காந்தாரம் 5/4. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் துல்லியமாக 25/24. கரகரப்பிரியாவின் காந்தாரத்திலிருந்து சங்கராபரணத்தின் காந்தாரத்துக்குப் போகிற தூரம் அது. ஆர்மோனியக் கணக்கில் சொன்னால், ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் இடையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. பெரியவரின் மிருதங்கம் சேராமல் போனது இதனால்தான்.

இதை எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? இசைத்தட்டு நல்ல சாட்சி அல்ல. அந்நாளில் தட்டுக்கென்று தனியாகப் பாடியும் பதிவு செய்திருக்கிறார்கள். தட்டுச் சுழலும் பெட்டியின் வேகமும் சரியாக இருந்திருக்க வேண்டும். வலுவான சாட்சி படத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் அடியிலோ மீட்டரிலோ எழுதியிருக்கும், எத்தனை ரீல் என்பதும் இருக்கும். நீளத்தை அடிக் கணக்கில் 90ஆல் வகுங்கள், மீட்டர் என்றால் 27.4ஆல். கொட்டகையில் ஓடிய நிமிடக் கணக்கு கிடைத்துவிடும். 16,000 அடிப் படம் 178 நிமிடம் ஓட வேண்டும். உங்கள் பிரதி 171 நிமிடத்தில் முடிந்தால் அது 25இல் ஓடுகிறது என்று சந்தேகிக்கலாம். சந்தேகம்தான், தீர்ப்பல்ல, யாராவது பாட்டையோ சண்டையையோ வெட்டியிருந்தாலும் நேரம் குறையும். எனவே சுருதியையும் சேர்த்துப் பாருங்கள். நேரம் குறைந்து சுருதியும் ஏறியிருந்தால் ஐயமில்லை.

இப்போது கைபேசிக்கும் தட்டை டி.வி.க்கும் வருவோம். இவற்றில் பல நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிப்பவை. அறுபதை 24ஆல் வகுத்தால் இரண்டரை. ஒரு சட்டகத்தை இரண்டரைத் தடவை காட்ட முடியாது. ஆகவே ஒரு சட்டகத்தை மூன்று தடவை, அடுத்ததை இரண்டு தடவை, மறுபடி மூன்று, மறுபடி இரண்டு என்று காட்டுவார்கள். 60 துடிப்பு மின்சாரம் உள்ள அமெரிக்காவில் டி.வி. வந்த நாளிலிருந்தே இருக்கும் வழி இது.

மூன்றும் இரண்டும் என்றதும் புதுக்கோட்டைக்காரனுக்கு வேறொன்று நினைவுக்கு வராமல் இருக்காது. கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையும் அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் வாழ்ந்த ஊர் இது. கணக்கில் பேர்போன லயப் பாணி எங்களுடையது. தகிட தக, தகிட தக. ஐந்தின் நடை, கண்டம். 60 துடிப்புக் கைபேசியில் 24இலேயே ஓடும் ஒவ்வொரு பழைய படமும் கண்ட நடையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தாளத்தில் கண்டம் அழகு. ஆனால் சுருளில் இருக்கும் அசைவு கண்டத்துக்கு அமைந்ததல்ல. காமிரா ஒவ்வொரு சட்டகத்தையும் சமமான 42 மில்லிநொடி இடைவெளியில் பிடித்திருக்கிறது. திரையோ ஒன்றை 50 மில்லிநொடி, அடுத்ததை 33 மில்லிநொடி என்று காட்டுகிறது. சமநடையில் பாடுகிறவருக்குக் கண்டத்தில் வாசித்தால் எப்படி இடறும், அப்படி இடறுகிறது. காமிரா ஒரு கோபுரத்தை மெல்லத் தடவிக்கொண்டு போகும் காட்சியிலும், பெயர்ப் பட்டியல் மேலே ஏறும்போதும் இது நன்றாகத் தெரியும். முன் சொன்ன மினுக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒளி சீராகத்தான் இருக்கிறது, அசைவுதான் உதறுகிறது. இதற்கு உதறல் என்றே பெயர் வைக்கலாம்.

டி.வி.க்காக 25 ஆக்கிய பிரதியை 60இல் ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம். ஐந்து சட்டகத்துக்குப் பன்னிரண்டு துடிப்பு: தக தகிட தக தகிட தக. இதன் மேல் ஊடுவரிப் பிரதியைச் சரியாகச் சேர்க்காமல் இணையத்தில் ஏற்றியிருந்தால், அசையும் கையின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் நிற்கும். 50ஐ 60ஆக மாற்றும்போது இரண்டு சட்டகங்களைக் கலந்துவிட்டிருந்தால், நடிகருக்குப் பக்கத்தில் அவருடைய ஆவி போல இன்னோர் உருவம் தெரியும். இந்தக் கறைகள் எவையும் சுருளில் இல்லை. பழைய படம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று இளைஞர்கள் நம்பிக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அந்தப் படங்கள் தெளிவாகப் பிடிக்கப்பட்டவை.

நொடிக்கு 120 தடவை புதுப்பிக்கும் திரைகள் இப்போது வந்திருக்கின்றன. 120ஐ 24ஆல் வகுத்தால் மீதியில்லாமல் ஐந்து. ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஐந்து துடிப்பு. யாருக்கும் கூடுதல் இல்லை, குறைவும் இல்லை. உதறல் அடியோடு போய்விடும். 120 என்ற எண்ணின் சிறப்பு அதன் வேகத்தில் இல்லை, 24ஆலும் 30ஆலும் 60ஆலும் வகுபடுவதில் இருக்கிறது. 25 மட்டும் அதற்கு ஒத்துவராது. அந்தப் பிரதிக்கு டி.வி. 50க்கோ 100க்கோ மாறிக்கொள்ள வேண்டும்.

தட்டைத் திரைக்கு இன்னொரு குணம் உண்டு. பழைய டி.வி.யில் ஒவ்வொரு துடிப்பும் ஒரு மின்னல், வந்ததும் அணைந்துவிடும். எல்.சி.டி.யும் ஓ.எல்.இ.டி.யும் ஒரு சட்டகத்தை அடுத்தது வரும்வரை பிடித்தே வைத்திருக்கும். மினுக்கம் போனது நல்லதுதான். ஆனால் ஓடும் காளையைக் கண் பின்தொடரும்போது, கண் தொடர்ந்து நகர்கிறது, படமோ அந்தச் சட்டகம் முடியும்வரை ஒரே இடத்தில் நிற்கிறது. விழித்திரையில் காளை இழுபட்டு மங்குகிறது. மங்கல் திரையில் இல்லை, கண்ணில்தான் என்பதற்குச் சான்று உண்டு: சட்டகங்களுக்கு நடுவே ஒரு கணம் திரையைக் கறுப்பாக்கினால் மங்கல் குறைகிறது. சில டி.வி.களில் இப்படிக் கறுப்பைச் செருகும் வசதியையே வைத்திருக்கிறார்கள். கொட்டகை ஷட்டரின் இருட்டு நூறாண்டு கழித்து விலை கொடுத்து வாங்கும் வசதியாகத் திரும்பி வந்திருக்கிறது.

இன்னும் அதிகமாக விற்கும் வசதி வேறொன்று. ஒரு நிறுவனம் மோஷன்ஃப்ளோ என்கிறது, இன்னொன்று ட்ரூமோஷன், மற்றொன்று ஆட்டோ மோஷன் பிளஸ். இரண்டு சட்டகங்களைப் பார்த்து, நடுவில் என்ன இருந்திருக்கும் என்று டி.வி.யே ஊகித்து வரைந்து செருகிவிடும். கிரிக்கெட்டுக்கு இது இதமாக இருக்கலாம். சினிமாவுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மெகா சீரியல்கள் வீடியோவில், நொடிக்கு 50 அரைப்படமாக எடுக்கப்பட்டு வந்தவை. அந்த வழுவழுப்பைக் கண்டால் நம் மூளை அதைச் சீரியல் என்றே அடையாளம் காண்கிறது. எந்தப் படத்தைப் போட்டாலும் சீரியல் போலத் தோன்றுவது அதனால். ஊகம் தவறும் இடங்களும் உண்டு. வேகமாக வாசிக்கும் மிருதங்க விரல்களைப் போட்டுப் பாருங்கள்: விரல்களின் ஓரம் கரைந்து குழைந்துவிடும். எந்த விரல் எந்தச் சொல்லை வாசித்தது என்று பார்க்க வேண்டிய இடத்தில், யாரும் வாசிக்காத ஒரு விரலை இயந்திரம் வரைந்துவிடுகிறது. 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இந்த அமைப்பை அணைத்துவிடுங்கள் என்று மக்களைக் கேட்டு ஒரு காணொளியே வெளியிட்டார்கள்.

உங்கள் வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. டி.வி.யின் பட அமைப்பில் இந்த வழுவழுப்பு வசதியைத் தேடி, சினிமா பார்க்கும்போது அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். டி.வி.யோடு இணைக்கும் பெட்டிகள் சிலவற்றில், படத்தின் சட்டக வேகத்துக்கு ஏற்பத் திரையை மாற்றிக்கொள் என்ற அமைப்பு இருக்கும். பெரும்பாலும் அது அணைந்தே கிடக்கும். அதைப் போட்டுவிடுங்கள். வித்தியாசம் உண்டா என்று அறிய, பெயர்ப் பட்டியல் ஏறும் காட்சியை அதற்கு முன்னும் பின்னும் பாருங்கள். கைபேசியில் மெதுவசைவு வீடியோ எடுக்கும் வசதி இருந்தால், அதைக் கொண்டு டி.வி.யைப் பிடித்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எந்தச் சட்டகம் எத்தனை துடிப்பு நிற்கிறது என்று விரல்விட்டு எண்ணலாம். தகிட தக என்று நீங்களே தாளம் போட்டுவிடுவீர்கள்.

பழைய தமிழ்ப் படங்களைக் கணினிக்கு மாற்றி இணையத்தில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டி.வி.க்கென்று 25 ஆக்கிய நாடாவிலிருந்து எடுக்காதீர்கள். சுருள் கிடைக்குமானால் சுருளிலிருந்து, சட்டகம் சட்டகமாக எடுத்து 24இலேயே வையுங்கள். நாடாவைத் தவிர வேறு வழியில்லை என்றால், ஊடுவரியைச் சரியாகச் சேர்த்துவிட்டு, வேகத்தை 24க்கு இறக்கிவிடுங்கள். ஒலியும் கூடவே தன் சுருதிக்கு இறங்கிவிடும். தணிக்கைச் சான்றிதழில் இருக்கும் அடிக்கணக்கை வெட்டிவிடாதீர்கள். படம் தன் வேகத்தில் ஓடுகிறதா என்று பின்னால் வருகிறவர்கள் கண்டுபிடிக்க அதுதான் வலுவான அளவுகோல். சின்னப்பா 1951இல், 35 வயதில் காலமானார். இனி அவர் பாடப்போவதில்லை. பாடியதை அவர் பாடிய கட்டையிலேயே கொடுங்கள்.